ஆந்தை உங்களுடையது இல்லை

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் சின்ன காமிக்ஸ் பதிப்பகம். வருமானத்தில் முக்கால் பங்கு, ஒரே ஒரு குழந்தைகள் கார்ட்டூன் தொடரின் உரிமத்தில் நாங்கள் போடும் புத்தகங்களிலிருந்து வருகிறது. மூன்று வருட ஒப்பந்தம் இன்னும் 7 மாதத்தில் முடிகிறது. மூன்று வருடத்துக்கும் சேர்த்து 30,000 பிரதிகளுக்கான ராயல்டியை, விற்றாலும் விற்காவிட்டாலும் தருவதாக, உத்தரவாதமாக ஒப்புக்கொண்டிருந்தோம். முதல் வருடம் 19,000 விற்றது, அடுத்த வருடம் 16,000, இந்த வருடம் 12,000-ஐத் தாண்டாது போலிருக்கிறது. புதுப்பிக்க வேண்டுமானால் இரண்டு வருடத்துக்கு 40,000 பிரதிகளுக்கான தொகை தர வேண்டும் என்கிறார்கள். ராயல்டி அட்டை விலையில் 10 சதவீதம். "இது போனால் கடையை மூட வேண்டியதுதான், கையெழுத்துப் போடு" என்கிறார் என் கூட்டாளி. எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்னொன்று: எங்கள் ஓவியர் இந்தக் கதைகளுக்குள் கண்ணாடி போட்ட ஆந்தை ஒன்றை உருவாக்கினார். குழந்தைகளின் கடிதங்களில் பாதி அந்த ஆந்தைக்குத்தான் வருகிறது. உரிமம் போனாலும் ஆந்தையை வைத்துத் தனித் தொடர் தொடங்கலாமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

ஆந்தையிலிருந்தே தொடங்கிவிடுகிறேன், அதற்குத்தான் பதில் சுருக்கமானது. முடியாது. உங்கள் ஒப்பந்தத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் 18 வருடமாக இந்த மாதிரி ஒப்பந்தங்களைப் படிப்பதுதான் என் பிழைப்பு. உரிமத்தின் கீழ் உருவாகும் பாத்திரம், பெயர், இடம், வசனம் எல்லாம் உரிமையாளருக்கே சேரும் என்ற பத்தி இல்லாத ஒன்றை இதுவரை பார்த்ததில்லை. உங்களுடையதிலும் இருக்கும். 'உருவாக்கங்கள்' என்ற மாதிரித் தலைப்பில், யாரும் படிக்காத எட்டாவது ஒன்பதாவது பக்கத்தில் தேடிப் பாருங்கள்.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்த அநியாயம் இல்லை. 1947-இல் கார்ல் பார்க்ஸ் ஒரு வாத்துக் கதைக்குப் பணக்காரக் கஞ்சன் ஒருவன் தேவைப்பட்டு, டொனால்ட் டக்குக்கு ஒரு தாய்மாமனைப் படைத்தார். ஸ்க்ரூஜ் மெக்டக். அப்போது பார்க்ஸுக்குப் பக்கக் கணக்கில் பணம் கொடுத்தது டிஸ்னி இல்லை, டிஸ்னியிடம் உரிமம் பெற்றிருந்த வெஸ்டர்ன் என்ற அச்சு நிறுவனம். இருந்தும் அந்த மாமன் யாருடைய சொத்து ஆனார் என்பது ஊரறிந்த விஷயம். பார்க்ஸின் பெயர்கூடப் புத்தகத்தில் அச்சாகவில்லை. வாசகர்கள் அவரை 'அந்த நல்ல வாத்து ஓவியர்' என்றுதான் அடையாளம் சொன்னார்கள். உங்கள் ஓவியரிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். ஆந்தையின் இறகை மாற்றி, கண்ணாடியைக் கழற்றி, பெயரைத் திருப்பிப் போட்டு வெளியிடலாம் என்ற யோசனை அவருக்கு வரும். வேண்டாம். ஆந்தைக்குக் கடிதம் வருவதால் ஒன்று தெரிகிறது. குழந்தைகளுக்குப் பிடித்ததை உருவாக்கும் கை உங்களிடம் இருக்கிறது. அந்தக் கைக்கு எந்த ஒப்பந்தமும் உரிமை கோர முடியாது. அதைப் பிறகு பார்ப்போம்.

இப்போது 40,000. உங்கள் செலவுக் கணக்கு எனக்குத் தெரியாது, ஆனால் உங்கள் அளவுப் பதிப்பகங்களில் நான் பார்த்தது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அட்டை விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். விநியோகஸ்தரும் கடையும் 55 எடுத்துக்கொண்டால் உங்கள் கைக்கு வருவது 45. அச்சுக்கு 15, எழுத்து, ஓவியம், வண்ணம், லெட்டரிங் (படத்துக்குள் வசனம் எழுதுவது) எல்லாம் சேர்த்து 12, போக்குவரத்து, சேதாரம் 3. மிச்சம் 15. அதில் 10 ராயல்டி. உங்களுக்கு நிற்பது 5, அதிலும் இன்னும் சம்பளமும் அலுவலக வாடகையும் கழிக்கவில்லை.

அடுத்து விற்பனையைப் பாருங்கள். 19, 16, 12 என்று இறங்கும் படிக்கட்டு அடுத்த வருடம் மட்டும் திடீரென்று மேலே ஏறுமா? 9,000, அதற்கடுத்து 7,000 என்றுதான் நான் போடுவேன். உங்கள் கூட்டாளி ஆசைப்பட்டு இரண்டு வருடத்துக்கு 20,000 என்று போடட்டும். 40,000 பிரதிக்கான ராயல்டியை 20,000 பிரதி சுமந்தால் அது 10 சதவீதம் இல்லை, 20. பிரதிக்கு 15 மிஞ்சும் இடத்தில் 20 கொடுக்கிறீர்கள். விற்கிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் 5 கைநஷ்டம். 'இது போனால் கடையை மூட வேண்டியதுதான்' என்கிறாரே, இதற்குக் கையெழுத்துப் போட்டாலும் மூட வேண்டியதுதான். என்ன, ஏழாம் மாதத்துக்குப் பதில் இருபதாம் மாதம் மூடுவீர்கள், அதுவும் கடனோடு.

அவர்கள் ஏன் 40,000 கேட்கிறார்கள்? பேராசை என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் உங்கள் மூன்று வருட மொத்தத்தைப் பார்த்திருப்பார். 47,000 வருகிறது. 'உத்தரவாதம் 30,000 தானே, நாம்தான் குறைத்துக் கேட்டுவிட்டோம்' என்று தோன்றியிருக்கும். வருடவாரியாகப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார். அவர் கையில் பொம்மை, பள்ளிப் பை, போர்வை, தண்ணீர் பாட்டில் என்று இன்னும் எத்தனையோ உரிமங்கள் இருக்கும். காமிக்ஸ் அவருக்கு ஒரு வரி. ஆகவே முதல் வேலையாக வருடவாரி, புத்தகவாரி விற்பனையை ஒரே பக்கத்தில் போட்டு அனுப்புங்கள். கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம், வெறும் எண்கள் போதும்.

அதே கடிதத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். புதிய அத்தியாயங்கள் வருகின்றனவா, எப்போது?

முழு விவகாரத்திலும் உங்களுக்குப் பாதகமான இடம் இதுதான். இந்த உத்தரவாதம், தொழில் பாஷையில் மினிமம் கேரண்டி, என்பது அந்தக் கார்ட்டூன் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்பதன்மேல் நீங்கள் கட்டும் பந்தயம். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குக் குதிரை நொண்டுகிறதா என்று தெரியும், உங்களுக்குத் தெரியாது. 'அட்வென்ச்சர் டைம்' தொடரின் காமிக்ஸை பூம்! ஸ்டூடியோஸ் 2012-இல் தொடங்கி 75 இதழ்கள் கொண்டுபோனது. 2018-இல் காமிக்ஸ் முடிந்தது, அதே வருடம் கார்ட்டூனும் முடிந்தது. திரை அணைந்த பிறகும் சில வாசகர்கள் இருப்பார்கள், ஆனால் குழந்தைகள் வளர்ந்துவிடுவார்கள். ஏழு வயதில் உங்கள் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவன், பத்து வயதில் அதைத் தம்பியிடம் தள்ளிவிடுவான். புதிதாக ஏழு வயதாகிறவனைக் கூட்டி வருவது திரைதான், உங்கள் அட்டைப்படம் இல்லை.

அதனால் உத்தரவாதத்தைத் திரையோடு முடிச்சுப் போடுங்கள். நான் கேட்கச் சொல்வது இது: ஒப்பந்தம் ஒரு வருடம், உத்தரவாதம் 6,000 பிரதி. இரண்டாம் வருடம் தொடர்வது உங்கள் விருப்பம். புதிய அத்தியாயங்கள் ஒளிபரப்பானால் அந்த நாளிலிருந்து உத்தரவாதம் தானாக ஏறட்டும், இன்னொரு 10,000 வரைகூட ஏறட்டும், சந்தோஷமாகக் கொடுங்கள். அவர்கள் பேரம் பேசுவார்கள். 9,000 வரை போகலாம். அதற்கு மேல் என்றால் நன்றி சொல்லி எழுந்து வந்துவிடுங்கள். 'புதுத் தொடர் உறுதியாக வருகிறது' என்று வாயால் சொல்பவர், அதை ஒப்பந்தத்தில் எழுதத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

ராயல்டியை அட்டை விலையில் கணக்கிடுவதை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். உங்கள் கைக்கு வரும் 45-இல் 10 சதவீதம் என்றால் 4.50-தான், பிரதிக்கு 10.50 நிற்கும். பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், சதவீதத்தை ஏற்றச் சொல்வார்கள். கைக்கு வருவதில் 15 சதவீதம் என்றாலும் உங்களுக்கு லாபம்தான். இதைவிட முக்கியம், ராயல்டி எப்போது கடனாகிறது என்பது. புத்தகம் குடோனை விட்டுக் கிளம்பும்போதா, பணம் வந்த பிறகா? அமெரிக்காவில் காமிக்ஸ் கடைகளுக்குப் பல வருடங்கள் ஏறக்குறைய ஒற்றை வாசலாக இருந்த டயமண்ட் விநியோக நிறுவனம் 2025 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. விற்ற புத்தகத்துக்குப் பணம் வராமல் பதிப்பாளர்கள் நின்றார்கள். அந்த நிலையில் 'அனுப்பியதற்கு ராயல்டி' என்று கையெழுத்துப் போட்டிருந்தால், வராத பணத்துக்கும் நீங்கள் பங்கு கொடுக்க வேண்டும்.

அப்ரூவல், அதாவது அச்சுக்கு முன் உரிமையாளரிடம் வாங்க வேண்டிய ஒப்புதல் பற்றி நீங்கள் எழுதவில்லை, அதனால் சுருக்கமாக. பக்கத்தை அனுப்பிவிட்டு ஐந்து வாரம் காத்திருந்து, 'மூன்றாம் கட்டத்தில் வாலின் வளைவு ஸ்டைல் கைடில் (பாத்திரங்களை எப்படி வரைய வேண்டும் என்ற கையேட்டில்) உள்ளபடி இல்லை' என்ற ஒற்றை வரிப் பதில் வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். பதில் வராவிட்டால் ஒப்புதல் என்று எழுத யாரும் சம்மதிப்பதில்லை. ஆனால் அவர்கள் தாமதிக்கும் நாட்கள் ஒப்பந்தக் காலத்தோடு கூட்டப்படும் என்று கேட்டால் சிலர் தருகிறார்கள். கேட்டுப் பாருங்கள்.

அடுத்ததை நிதானமாகச் சொல்ல வேண்டும், இதில் நான் சறுக்கியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பதிப்பாளரின் குடோனில் ஒரு சனிக்கிழமை முழுக்க நின்றிருந்தேன். உரிமம் வெள்ளிக்கிழமை நள்ளிரவோடு முடிந்திருந்தது. கட்டுப் பிரிக்காத 3,100 புத்தகங்கள். ஒவ்வொரு கட்டையும் ஒரு பையன் பிளேடால் அறுத்து, மேல் பிரதியின் அட்டையைக் குறுக்கே கிழிப்பான். பதிப்பாளரே அதைப் போனில் படம் எடுப்பார். உரிமையாளருக்கு அனுப்ப வேண்டிய அழிப்புச் சான்றிதழோடு அந்தப் படங்களும் போக வேண்டும். அந்தப் பையன் நாலு கட்டுக்கு ஒருமுறை நிறுத்தி, ஒரு புத்தகத்தைப் புரட்டிச் சிரித்துவிட்டு, அப்புறம் கிழிப்பான். அந்த ஒப்பந்தத்தைப் பேசி முடித்தது நான்தான். ராயல்டியில் அரை சதவீதம் குறைத்துவிட்டேன் என்று அப்போது காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். முடியும் நாளுக்குப் பிறகு கையிருப்பை விற்றுத் தீர்க்க அவகாசம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அந்த அரை சதவீதத்தில் மூன்று வருடம் மிச்சமானதைவிட அன்று ஒரு நாளில் கிழிந்தது அதிகம்.

அதிலிருந்து ஒப்பந்தங்களைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கிறேன். உங்கள் இப்போதைய ஒப்பந்தத்தில் விற்றுத் தீர்க்கும் அவகாசம் எத்தனை நாள் என்று பாருங்கள். 90 நாள் என்று இருக்கலாம். புதியதில் 180 கேளுங்கள். நீங்கள் மீறியதற்காக ரத்தானால் அந்த அவகாசம் கிடையாது என்றும் இருக்கும், அதனால் கடைசி மாதங்களில் கணக்கு அனுப்புவதில் ஒரு நாள்கூடப் பிந்தாதீர்கள்.

கூட்டாளியின் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. உரிமம் போனால் பெரியவர்களும் ஆட்டம் காண்கிறார்கள். ஐடிடபிள்யூ என்ற காமிக்ஸ் நிறுவனம் 2005 முதல் போட்டுவந்த 'டிரான்ஸ்பார்மர்ஸ்' உரிமம் 2022 முடிவோடு போனது. 2023 ஏப்ரலில் அந்த நிறுவனம் ஊழியர்களில் 39 சதவீதம் பேரை வீட்டுக்கு அனுப்பியது. அந்த ஒரே காரணத்தால்தான் என்று சொல்ல மாட்டேன், வேறு நஷ்டங்களும் இருந்தன. ஆனால் நீங்கள் ஒரு தப்பும் செய்யாமலே உரிமம் போகும் என்பதையும் அவர் பார்க்க வேண்டும். கிளாட்ஸ்டோன் என்ற சின்னப் பதிப்பகம் 1986-இல் டிஸ்னி காமிக்ஸைக் கையில் எடுத்து நன்றாகவே நடத்தியது. அதைப் பார்த்து 1990-இல் டிஸ்னி தானே வெளியிடலாம் என்று உரிமத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. நன்றாக நடத்தியதற்குக் கிடைத்த பரிசு! மூன்று வருடத்தில் டிஸ்னிக்குக் கை சுட்டு, உரிமம் மறுபடி கிளாட்ஸ்டோனுக்கே வந்தது. பிறகு 2003-இல் ஜெம்ஸ்டோன், 2009-இல் பூம்!, 2015-இல் ஐடிடபிள்யூ என்று அந்த வாத்துக் குடும்பம் வீடு மாறிக்கொண்டே இருந்தது. அதனால் எழுந்து வர நேர்ந்தாலும் கதவை அறைந்து சாத்திவிட்டு வராதீர்கள். மூன்று வருடம் கழித்து அவர்களே போன் செய்யக்கூடும்.

இந்தப் பதிப்பகத்தில் உங்களோடு நிற்பது யார், எது? ஆர்ச்சி காமிக்ஸ் 1993 முதல், வீடியோ கேம் பாத்திரமான 'சோனிக்' மாத இதழை 290 இதழ்கள் வரை போட்டது. 2017-இல் உரிமம் போனது. அடுத்த வருடம் ஐடிடபிள்யூவில் புதிதாகத் தொடங்கியபோது அதை எழுதியவர், ஆர்ச்சியில் பத்து வருடம் எழுதிய அதே இயன் ஃப்ளின். உரிமம் போகும் திசையில் எழுத்தாளரும் ஓவியரும் போய்விடலாம், அதில் துரோகம் ஒன்றும் இல்லை. அவருக்கு உங்களிடம் இருக்கக் காரணம் வேண்டும். ஆர்ச்சியிடம் இன்னொரு பாடமும் உண்டு. தொடரின் பழைய எழுத்தாளர் கென் பெண்டர்ஸ் தான் படைத்த பாத்திரங்கள் தன்னுடையவை என்று பதிவு செய்ய, 2010-இல் வழக்கு வந்தது. 2013-இல் சமரசத்தில் முடிந்தது. அவருடைய பாத்திரங்கள் கதைகளிலிருந்தே காணாமல் போயின, நடுவில் ஓடிக்கொண்டிருந்த கதையைக் கலைத்துப் போட வேண்டியிருந்தது. ஆந்தை பற்றி உங்களுக்கும் உங்கள் ஓவியருக்கும் இடையே எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? நண்பர்தானே என்று விட்டிருந்தால், உரிமையாளரிடம் 'எல்லாம் உங்களுக்கே' என்று நீங்கள் எழுதிக் கொடுத்தது உங்களிடம் இல்லாத ஒன்று. முடிவு நாளுக்கு முன் சரிசெய்துவிடுங்கள். அதற்கு அவருக்குக் கொஞ்சம் பணமும் கொடுங்கள்.

அப்புறம் அவருக்கென்று ஒரு புதுக் கதை. ஆந்தை வேண்டாம், கார்ட்டூனின் சாயலும் வேண்டாம். இப்போதைய ஒப்பந்தத்தில் போட்டிப் புத்தகம் போடக் கூடாது என்ற தடை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் இது கார்ட்டூன் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்குகூட விற்காது, சொல்லிவைக்கிறேன். 'டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்சா டர்டில்ஸ்' 1984-இல் இரண்டு ஓவியர்கள் சொந்தமாக 3,000 சொச்சம் பிரதி அச்சடித்துத் தொடங்கியது, கார்ட்டூன் அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான் வந்தது என்பார்கள். அதை நம்பித் தொழில் நடத்தக் கூடாது, லாட்டரி அது. என் கணக்கு வேறு. சொந்தப் புத்தகத்துக்கு அப்ரூவல் இல்லை, உத்தரவாதம் இல்லை, அழிப்புச் சான்றிதழ் இல்லை. ஓவியருக்கு நல்ல பங்கு கொடுத்தும் பிரதிக்கு உங்களுக்கு அதிகம் நிற்கும். ஐந்தாம் வருடமும் விற்கலாம். பூம்! கார்ட்டூன் உரிமங்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த 2014-இலேயே 'லம்பர்ஜேன்ஸ்' என்ற சொந்தத் தொடரையும் தொடங்கியது. காசு வரும்போது தொடங்கியதுதான் அதில் புத்திசாலித்தனம். உங்களுக்கு இன்னும் 7 மாதம் காசு வருகிறது. முழு கிராபிக் நாவல் அதற்குள் முடியாது. 32 பக்கம் முடியும்.

அந்த 32 பக்கத்தில் எட்டை, வரப்போகும் கார்ட்டூன் புத்தகத்தின் பின்னால் முன்னோட்டமாகச் சேர்க்க அனுமதி கேளுங்கள். அனுமதி இல்லாமல் சேர்க்காதீர்கள், விளம்பரத்துக்கும் ஒப்புதல் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் நிச்சயம் இருக்கும். புதுப்பிப்புப் பேச்சு நடக்கும்போது கேட்டால் கிடைக்கும். முடிந்த பிறகு கேட்டால் பதில்கூட வராது. கடிதம் எழுதும் குழந்தைகளுக்கு உங்கள் பதிப்பகத்தின் பெயர் தெரியுமா? அவர்கள் ஆந்தைக்கு எழுதுகிறார்கள், உங்களுக்கு இல்லை. அந்த எட்டுப் பக்கம் உங்களை அவர்களுக்கு அறிமுகப்படுத்தும்.

இன்னொரு கார்ட்டூன் உரிமம் வாங்கி ஓட்டையை அடைக்கலாம் என்று கூட்டாளி அடுத்து சொல்வார். தப்பில்லை. ஆனால் இப்போது எல்லாக் குழந்தைகளும் பார்ப்பதாக இருக்க வேண்டாம். புது அத்தியாயமே இல்லாமல் பல வருடம் ஓடிய, அம்மா அப்பாவும் சின்ன வயதில் படித்த ஏதாவதாக இருக்கட்டும். ஏற்றம் குறைவு, உத்தரவாதமும் குறைவு. எதை எடுத்தாலும் மொத்த வருமானத்தில் பாதியைத் தாண்டவிடாதீர்கள்.

கையிருப்பு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. முடிவு நாள் நெருங்கும்போது வழக்கமான அளவுக்கு மேல் அச்சடிக்கக் கூடாது என்ற தடையும் சில ஒப்பந்தங்களில் உண்டு. மறுஅச்சுக்கு ஆர்டர் கொடுத்திருந்தால் நாளைக் காலை அச்சகத்துக்குப் போன் செய்து நிறுத்தி வையுங்கள். குடோனில் இருப்பதை எண்ணிவிட்டு அந்த எண்ணோடு எனக்கு எழுதுங்கள்.